ஆளுக்கு ஒரு டாங்கி

ராஜேஸ்வரி என்ற பேரை நான் முதலில் கேட்டது ஒரு தை மாசம், வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. ராசப்பன் மேட்டில் வேகுவேகென்று ஏறி வந்து, "அண்ணி, புள்ளைக்குப் பேரு வெச்சாச்சுங்க. ராஜேஸ்வரிங்க" என்றார். ராசப்பன் என் ஊட்டுக்காரருக்குச் சித்தப்பன் மகன். அவர் பொண்டாட்டி கண்ணாயி என் சின்னம்மா மகள். அதனால் அந்தப் புள்ளைக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் நான் பெரியம்மாதான்.

மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் அப்போது பொம்பளைப் புள்ளை பிறந்தால் பெருமாயி, கண்ணாயி, பொன்னாயி, இதில் ஒன்றைத்தான் வைப்போம். இந்தப் பேரை வைத்தது ஆஸ்பத்திரி நர்சம்மா. என் மாமியார் கேட்டுவிட்டு, "இதைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள எந்திரிச்சு நடந்து போயிருமே" என்றார். வாசலே சிரித்தது.

ராசப்பனுக்கு மூன்று மக்கள். மூத்தவன் வேலப்பன், நடுவில் ராஜேஸ்வரி, கடைசி கோகுல். அவள் பத்தாவது படிக்கிறபோது ராசப்பன் பலா மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். அதோடு படிப்பு நின்றது. அண்ணன் தம்பி காட்டைப் பார்த்தார்கள். அவள் மலையை விட்டுக் கீழே இறங்கி அப்பாஸ் அலி கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அப்பாஸ் அலி அடிவாரத்து டவுனில் வாட்ச், டார்ச் லைட், பொம்மை எல்லாம் விற்கிறவர். ராஜேஸ்வரியை ஊட்டுப் பின்கட்டில் தங்க வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவை மேலே வருவாள். கடையில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தது. ஓடாமல் திரும்பி வந்த பொம்மைகளைச் சும்மா கிடக்கிற நேரத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்து, ரெண்டு வருஷத்தில் ரிப்பேர் எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டது. பற்றவைக்கிற கம்பியின் சூடு பட்டு அவள் விரல் நுனியெல்லாம் தழும்பு. கண்ணாயி அதைப் பார்த்து அழுவாள். "கல்யாணத்துக்குப் பாக்க வாரவங்க கையப் பாப்பாங்கடி" என்பாள்.

"கைய ஏம்மா பாக்கணும், மூஞ்சியே பாத்துட்டுத்தான ஓடறாங்க" என்பாள் அவள்.

இருபத்தஞ்சு வயசாகியும் கல்யாணம் அமையவில்லை. அவளுக்கும் அதில் பெரிய ஆசை இல்லை. அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு ரூமுக்கு. செம்மேட்டில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அப்பாஸ் அலிக்கு ஒரு ரூம் பூட்டிக் கிடந்தது. அதில் ரிப்பேர் கடை போட வேண்டும், தன் பேரில் போர்டு மாட்ட வேண்டும், மலையிலேயே இருந்துகொண்டு தன் கையால் சாப்பிட வேண்டும். இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கு இல்லை.

அப்பாஸ் அலி யோசிக்கிற ஆள். "மலையில எத்தன பேரு வாட்ச் கட்டறாங்க? ரிப்பேர்னு மட்டும் போர்டு மாட்டுனா ஈதான் வரும். கூட்டம் சேர்க்க ஏதாச்சும் வேணும் புள்ள" என்றார். அப்போதுதான் அவள் டாங்கி யோசனையைச் சொன்னாள்.

டாங்கி என்றால் பட்டாளத்துப் பீரங்கி வண்டி. அதைப் போலவே முழ நீளத்துக்குப் பொம்மை. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஓட்டலாம், தலையைத் திருப்பலாம், சுடலாம். குண்டு கிடையாது. டி.வி. ரிமோட்டில் வருகிற மாதிரி கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குழாய் வழியாகப் போய் எதிர் டாங்கியில் படும். பட்டால் அந்த டாங்கி குலுங்கும். அஞ்சு தடவை பட்டால் அப்படியே செத்து நின்றுவிடும். ரெண்டு பேர் எதிர் எதிராக நின்று சண்டை விடலாம். சேவல் சண்டை மாதிரிதான், ரத்தம் இல்லாமல்.

அப்பாஸ் அலிக்குப் பிடித்துப்போனது. "ஆடியில ஓரி விழாவுக்குச் செம்மேட்டுல கூட்டம் வரும். அங்க ரெண்டு நாளு ஸ்டால் போட்டுக் காட்டு. ஓடுச்சுன்னா ரூம் உனக்கு. அந்தச் சண்டை மேசை ரூம்லயே நிக்கணும். அதப் பாக்க வாரவன் ஒரு டார்ச் லைட்டாவது வாங்கிட்டுப் போவான்" என்றார். இது ரெண்டாயிரத்து மூணாம் வருஷம்.

டாங்கி வாங்க அவளிடம் பணம் இல்லை. அண்ணனிடமும் தம்பியிடமும் கேட்டாள். அந்த வருஷத்து மிளகை விற்று ஆளுக்குப் பாதி போட்டார்கள். அவளும் அவள் அம்மாவும் பறித்த மிளகுதான். ஆனால் கொடி நிற்கிற காடு அண்ணன் தம்பியுடையது.

மெட்ராஸிலிருந்து பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லி நாலு டாங்கி பெட்டியில் வந்தது. பங்கு போட்டவர்கள் பார்க்க வேண்டுமே என்று வேலப்பனும் கோகுலும் கீழே போனார்கள். அன்றைக்கு நானும் கண் டாக்டரிடம் காட்டக் கூடவே போயிருந்தேன். ஆக அவள் டாங்கி பொறுக்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஒன்று பெரிசு. மண் நிறத்தில், என்ஜின் சத்தத்தோடு, பிளாஸ்டிக் குண்டு துப்புகிறது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அதைப் பார்த்ததும் வாய் பிளந்துவிட்டது.

"இது வேண்டாம். யாரு கண்ணுலயாவது குண்டு பட்டா நம்ம தோலை உரிச்சிருவாங்க" என்று தள்ளி வைத்தாள்.

ரெண்டாவது சின்னது, நல்ல வேகம். அதைக் கடை வாசலில் ஒரு விடு விட்டாள். சாக்கடை ஓரம் வரைக்கும் ஓடிப்போனது. "வேகமாப் போனா என்னத்துக்கு ஆகும்? குறி வெக்கறதுக்குள்ள மேசை தீந்துரும்" என்றாள்.

மிச்சம் ரெண்டும் ஒரே மாதிரி. பாசி பிடித்த பச்சை, சத்தம் இல்லை, மாட்டு வண்டி மாதிரி ஊர்கிறது. அவள் அதைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றுகிற பட்டையை விரலால் சுண்டிப் பார்த்தாள். பல்சக்கரத்தைத் திருப்பிக் காதில் வைத்துக் கேட்டாள். கூழாங்கல் மேல் ஏற்றிப் பார்த்தாள். பட்டை கழலவில்லை. "இந்த ரெண்டுதான்" என்றாள்.

"எருமக் கன்னுக்குட்டியாட்டம் இருக்குது" என்றான் கோகுல்.

"எருமதாண்டா சண்டைல நவுறாம நிக்கும்" என்றாள்.

டாங்கிக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளி வில்லை இருக்கிறது. அதன் ஜோடி ரிமோட்டுக்குள் இருக்கிறது. அதற்குக் கிரிஸ்டல் என்று பேர். ரெண்டிலும் ஒரே நிறத்தில் பொட்டு வைத்திருப்பார்கள். மஞ்சள் பொட்டு ரிமோட் மஞ்சள் பொட்டு டாங்கியைத்தான் ஓட்டும். நீலம் நீலத்தைத்தான் ஓட்டும். சண்டை விட வேண்டுமென்றால் ஒரு டாங்கி மஞ்சள், இன்னொன்று நீலம் என்று வேறே வேறே இருக்க வேண்டும். இதை அவள் அண்ணனுக்கும் தம்பிக்கும் எனக்கும் சேர்த்து விளக்கிச் சொன்னாள். நாங்கள் தலையாட்டினோம். உதிரியாக ஒவ்வொரு நிறத்திலும் ஒரு ஜோடி வந்திருந்தது. அதைக் கடை மேசை டிராயரில் போட்டு வைத்தாள்.

எங்கள் மலையில் அண்ணன் தம்பிக்குப் பங்கு வைக்கிற முறையைச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு ஒண்ணு போல இருக்க வேண்டும். நிலம் என்றால் மேட்டில் பாதி பள்ளத்தில் பாதி ஒவ்வொருத்தனுக்கும். பலா மரம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் கிழக்குக் கிளை ஒருத்தனுக்கு, மேற்குக் கிளை ஒருத்தனுக்கு. கிடா வெட்டினால் ஈரலைக்கூட நூல் பிடித்த மாதிரி ரெண்டாக்குவார்கள். ஒரு பங்கில் ஒரு பொட்டு கூடினாலும் பத்து வருஷம் பேச்சு வார்த்தை நின்றுபோகும். பொண்ணுக்கு அதில் இடம் கிடையாது. கட்டிப்போன இடத்தில் புருஷனுக்கு வருகிறதுதான் அவளுக்கு.

டாங்கியில் வேலப்பனுக்கு மஞ்சள் பொட்டு வந்தது, கோகுலுக்கு நீலப் பொட்டு. அதைப் பார்த்ததிலிருந்து கோகுல் பொண்டாட்டிக்குச் சோறு இறங்கவில்லை. "மஞ்சள் மங்கலமாம், அது பெரியவருக்கு. நாங்க மட்டும் இளிச்சவாயிங்களா? காசு மட்டும் சரிபாதி வாங்கத் தெரிஞ்சுதல்ல" என்று கண்ணாயியிடம் ஜாடை பேசினாள்.

விழாவுக்கு ரெண்டு நாள் முன்னால் ராஜேஸ்வரி லீவு போட்டு மேலே வந்துவிட்டாள். ஊட்டுக்குள் ரெண்டு டாங்கியையும் விட்டுக் கடைசியாகச் சோதித்துப் பார்த்தாள். ரெண்டும் சொன்னபடி கேட்டன. மறுநாள் காலையில் மேசை போடச் செம்மேட்டுக்குப் போனாள். அம்மாவின் சல்லடையை எடுத்துப்போய் மண்ணைச் சலித்து, பட்டையில் சிக்குகிற கல் ஒன்று விடாமல் எடுத்து, தண்ணீர் தெளித்துத் தட்டி, மேசை மேல் மேடும் பள்ளமுமாக ஒரு காடே பண்ணினாள். உச்சி வெயில் அடித்தால் டாங்கியின் வெளிச்சம் படுவது தெரியாமல் போய்விடும் என்று மேலே தார்ப்பாயும் பக்கத்தில் சாக்குப் படுதாவும் கட்டினாள். சுடுகிற குழாய்க்குள் கறுப்புத் தாளைச் சுருட்டிச் செருகி, நேராகக் குறி வைத்தால்தான் படும்படி முன்னாலேயே செய்து வைத்திருந்தாள். பேட்டரி இருபது நிமிஷம்தான் தாங்கும். கரண்டை நம்ப முடியாது. அதனால் நாலு பேட்டரி வாங்கி, டீக்கடை ஜெனரேட்டரில் மாற்றி மாற்றிச் சார்ஜ் போடவும் சொல்லி வைத்தாள்.

அவள் அங்கே மண் சலித்துக்கொண்டிருந்த அதே பகலில் கண்ணாயி ஊட்டில் பஞ்சாயத்து. நான் காப்பித்தூள் கொடுக்கப் போனவள், உட்கார்ந்துவிட்டேன்.

"ரெண்டும் மஞ்சளா இருந்துட்டா என்னம்மா கெட்டுப்போச்சு?" என்றான் கோகுல்.

"இருந்துட்டுப் போகுது. எனக்கென்ன, எனக்கு மஞ்சள் இருக்குது" என்றான் வேலப்பன்.

கண்ணாயி என்னைப் பார்த்து, "ஏனுங்க்கா, அண்ணன் தம்பிக்கு ஒண்ணு போல இருந்தாத்தான சண்டை வராது?" என்றாள்.

"ஆமா, அதுதான முறை" என்றேன். கீழே கடையில் அவ்வளவு விளக்கமாகக் கேட்டவள்தான் நான். அந்த நேரத்துக்கு எனக்கு முறைதான் முன்னால் வந்தது.

"அவகிட்டச் சொல்லாத. சொன்னா ஒத்துக்க மாட்டா" என்று கண்ணாயி மகனை அனுப்பி வைத்தாள். கோகுல் பகல் பஸ்ஸில் கீழே போய், அப்பாஸ் அலி மகன் அப்சரிடம், "அக்கா வாங்கிட்டு வரச் சொல்லுச்சு" என்று உதிரி மஞ்சள் ஜோடியை வாங்கிக்கொண்டு நீலத்தைக் கொடுத்துவிட்டு, சாயங்காலமே வந்துவிட்டான். தானே மாட்டி மூடியும் வைத்தான்.

விழா அன்றைக்கு எங்கள் ஸ்டாலில்தான் கூட்டம். வேலப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வாங்க சாமி வாங்க, பீரங்கிச் சண்டை பாருங்க" என்று கத்தினான். அப்பாஸ் அலி பஸ் ஏறி வந்து முன்னால் நின்றார். ராஜேஸ்வரி ஒரு ரிமோட்டை ஒரு வாத்தியாரிடமும் இன்னொன்றை ஒரு போலீஸ்காரரிடமும் கொடுத்தாள்.

வாத்தியார் ரிமோட்டைப் போட்டு முன்னால் தள்ளினார். ரெண்டு டாங்கியும் முன்னால் போயின. திருப்பினார், ரெண்டும் திரும்பின. போலீஸ்காரரும் தன்னுடையதைப் போட்டார். அவ்வளவுதான். ரெண்டும் வெட்டு வெட்டென்று இழுத்துக்கொண்டு, தலை ஒரு பக்கம் சுற்ற, உடம்பு ஒரு பக்கம் சுற்ற ஆரம்பித்தன.

"ஏனுங்க, பீரங்கிக்குச் சாமி வந்துருச்சுங்க! உடுக்கைய எடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"சண்டைன்னு சொல்லிட்டுக் கும்மியடிக்குதுங்களே!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு டாங்கி மேசை ஓரம் போய்க் கீழே விழுந்து, ஒரு பக்கத்துப் பட்டை அறுந்துபோனது. அது வேலப்பனுடையது.

ராஜேஸ்வரி ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தாள். கோகுலின் டாங்கியைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினாள். மஞ்சள் பொட்டு.

"யாரு மாத்துனது?"

வேலப்பன் மைக் ஒயரைச் சரி பண்ணினான். கோகுல் கூட்டத்தைப் பார்த்தான். கண்ணாயி என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நான் முந்தானையை இழுத்துச் செருகினேன்.

அப்பாஸ் அலி, "என்ன புள்ள இது, நாலு பேரு முன்னால" என்றார்.

"நாளைக்கு ஓடும் பாய். நீங்க இருந்து பாத்துட்டுப் போங்க" என்றாள். அறுந்த பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அப்போதே கீழே பஸ் ஏறினாள். மேலே வருகிற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்ததால் அன்றைக்குத் திரும்ப முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் பந்தலுக்குச் சாமான் ஏற்றி வந்த லாரியில் வந்து இறங்கினாள். நீல ஜோடியை மாட்டினாள். பட்டையை உருக்கி ஒட்டிக் கம்பி போட்டு இறுக்கியிருந்தாள்.

அன்றைக்கு ஓடியது. ஓடியது என்றால் சாதாரணமாக இல்லை. மண் மேட்டுக்குப் பின்னால் ஒரு டாங்கி பதுங்க, மற்றது சுற்றி வந்து சுட, பட்டது குலுங்க, "விடாத, விடாத!" என்று கிழவன்களெல்லாம் கூச்சல் போட்டார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் வரிசை குறையவில்லை. வேலப்பன் மைக்கில், "இது எங்க அண்ணன் தம்பி கண்டுபிடிப்புங்க" என்றான். அவள் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பாஸ் அலி கிளம்பும்போது, "ஆவணி பொறந்ததும் ரூம் சாவி வாங்கிக்க" என்று அவளிடம் சொன்னார். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் காலையில் என் ஊட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பங்காளியில் மூத்தவர் அவர்தான். நானும் போனேன். டாங்கி ரெண்டும் பாய் மேல் இருந்தன.

"நேத்துக் கூட்டத்தப் பாத்தீங்கல்லங்க பெரியப்பா. நாளைக்கு இதுல வம்பு வந்துரக் கூடாது. இப்பவே ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் குடுத்துருங்க" என்றான் வேலப்பன்.

"ஒண்ண வெச்சு யாருகூடண்ணா சண்டை போடுவ?" என்றாள் ராஜேஸ்வரி. "ரெண்டும் ரூம்ல நிக்கட்டும். வார காச மூணாப் பிரிச்சுக்கலாம்."

"மூணா? மூணாவது யாரு?"

"நான்."

கோகுல் பொண்டாட்டி சிரித்தாள். கண்ணாயி, "இந்த மலையில பொம்பளப் புள்ளைக்கு யாருடி பங்கு வெச்சா? கண்ணு, சும்மா இரு" என்றாள்.

"பெரியப்பா, நீங்க சொல்லுங்க" என்று அவள் என் ஊட்டுக்காரரைப் பார்த்தாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பங்கு ரெண்டுதான் கண்ணு" என்றார்.

அதோடு முடியவில்லை. ஒரு டாங்கியின் பட்டை ஒட்டுப்போட்டது. அது யாருக்கு? வேலப்பன், "தம்பி மாத்தி மாட்டுனதாலதான் அறுந்துது, அவன் எடுத்துக்கட்டும்" என்றான். கோகுல், "அது உன்னுது, நீயே வெச்சுக்க" என்றான். குரல் ஏறியது. கடைசியில் என் ஊட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். ஒட்டுப்போட்டதில் ஒரு பட்டை நல்லது, ஒரு பட்டை ஒட்டு. மற்ற டாங்கியிலும் ஒரு பட்டையைக் கழற்றி அறுத்து ஒட்டி மாட்டிவிட்டால், ஆளுக்கு ஒரு நல்ல பட்டை, ஒரு ஒட்டுப் பட்டை. ரெண்டு பேரும் சரி என்றார்கள்.

நல்ல பட்டையை அறுக்க வேண்டும். அறுத்து ஒட்டத் தெரிந்தவள் அந்த ஊட்டில் அவள் ஒருத்திதான். "நீயே பண்ணிக் குடுத்துரு ராஜி" என்றான் வேலப்பன்.

அவள் அரிவாள்மணை எடுத்து வந்தாள். நல்ல பட்டையை வைத்து அறுத்தாள். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒட்டினாள். மாட்டினாள். ரெண்டையும் பாய் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாத்துக்கங்க, ஒண்ணு போல இருக்குதா" என்றாள். இருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். கண்ணாயி பின்னாலேயே போய்ச் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். அவள் நிற்கவில்லை.

கோகுல் தன் டாங்கியை வாசலில் விட்டுப் பார்த்தான். ஒட்டுப் பட்டை இருந்த பக்கமே இழுத்து இழுத்து வட்டம் சுற்றியது. ரெண்டு ஊட்டிலும் பேட்டரி தீர்ந்ததும் கூரைக்கடியில் அட்டத்தில் ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு அண்ணன் தம்பிக்குள் அதை வைத்து ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

ஆவணியில் அப்பாஸ் அலி, "டாங்கி ரெண்டும் இல்லாம ரூம்ல எதப் புள்ள காட்டுவ?" என்று கேட்டாராம். ரூமைக் கூல்டிரிங்க்ஸ் கடைக்கு விட்டுவிட்டார். அவளைக் கடையை விட்டுப் போகச் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவர் காலமான பிறகு அப்சர் கடையைச் செல்போன் கடையாக மாற்றினான். பொம்மை ரிப்பேருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

கண்ணாயி செத்ததற்கு ராஜேஸ்வரி மேலே வந்தாள். எடுத்த அன்றைக்கே போய்விட்டாள். என்னிடம், "நல்லாருக்கீங்களா பெரியம்மா" என்றாள். அன்றைக்கு அந்த ஊட்டில் உட்கார்ந்து நான் என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா, நான் கேட்கவில்லை.

ராஜேஸ்வரி இப்போது நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலையில் இருக்கிறாள். பண்ணைக்குள்ளேயே கொடுத்திருக்கிற ரூமில் தனியாகத் தங்கியிருக்கிறாள். மலைக்கு வருவதில்லை.